அஞ்சடிக்கு என்ன பலன்

"எத்தனைக்கு எத்தனை வெச்சா நல்லா இருக்குமுங்க?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

மரகதம் ஒரு இரும்புக் குழாயின் முனையை அரம் போட்டு ராவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதைங்கண்ணா?"

"காருக்குப் பின்னால கோத்து இழுத்துட்டுப் போற வீடுங்க. படுக்கறதுக்கு, ஒரு காப்பித்தண்ணி வெக்கறதுக்கு. ரெண்டு பேருக்கு."

"வீடுங்களா, வண்டிங்களா?"

நாச்சிமுத்து சிரித்தார். வீடு கட்டியே தலை நரைத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்தார்.

"ரெண்டுந்தானுங்க."

அரம் நிற்கவில்லை. அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்பது அவருக்கு அப்போது தெரியவில்லை.

திருச்செங்கோட்டு மலை முழுசாகத் தெரிகிற ஒரு வளைவில், சங்ககிரி ரோட்டோரம் இருந்தது அவள் பட்டறை. லாரிக்குக் கூண்டு கட்டுவாள், டிராக்டருக்கு டிரெய்லர் செய்வாள். அதற்கு முன்னால் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லிக்கொடுத்தவள். வேலையை அவள் விட்டுவிட்டாள், வாத்தியாரம்மா என்ற பேர் அவளை விடவில்லை.

தனக்குத் தானே ஒரு வண்டி செய்துகொள்ள ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு இடம் தருவாள், கருவி தருவாள். கை வேலை அவரவருடையது. சந்தேகம் இருந்தால் தாராளமாகக் கேட்கலாம். பதில் வாய் வழியாகத்தான் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் வேறு பட்டறை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாச்சிமுத்துவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. கட்டட மேஸ்திரி. அவர் கட்டின வீட்டில் விரிசல் என்று ஊரில் எந்த வாயும் சொன்னதில்லை. மனையடி சாஸ்திரம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆறடி நன்மை, ஏழடி தரித்திரம், எட்டடி பாக்கியம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அறுபது வயதில், மகள் வயதுள்ள ஒருத்தியிடம் பாடம் கேட்க வந்ததில் அவருக்குக் கூச்சமே கிடையாது. கேட்டுச் செய்கிறவன் கெட்டுப்போவதில்லை என்பது அவர் கட்சி.

"இந்த வயசுல எதுக்குங்கண்ணா இது?" என்றாள் மரகதம்.

"என் சம்சாரத்துக்குக் கண்ணு சுருங்கிட்டு வருதுங்க."

அரம் கொஞ்சம் மெதுவானது.

"பக்கவாட்டுல ஒண்ணும் தெரியறதில்லை. நேரா இருக்கறது மட்டுந்தான். அதுவும் போகப்போகச் சின்னதாகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. சொட்டு மருந்து விடறமுங்க. எத்தனை நாளைக்கு நிக்கும்னு அவருக்கும் தெரியலை."

"ம்."

"கல்யாணமான புதுசுல இருந்து கடல் பாக்கோணும்ங்கறா. நான் ஊரான் வீட்டைக் கட்டிட்டே இருந்துட்டேன். என் மேலதானுங்க தப்பு."

"லாட்ஜுல தங்கிப் பாத்துட்டு வர்றதுதானுங்க?"

"ஒருக்கா பழனியில தங்கினமுங்க. புது ரூமு. பாத்ரூம் போறதுக்குள்ள கட்டில்ல முட்டிக்கிட்டா, கதவுல முட்டிக்கிட்டா. எது எங்க இருக்குதுன்னு கைக்குப் பழகறதுக்குள்ள ரூமைக் காலி பண்ணோணும். இனி எங்கயும் வரலைன்னு சொல்லிட்டா." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரூமே கூட வந்துச்சுன்னா ஒருக்கா பழகினாப் போதுமுங்களே."

மரகதம் அரத்தைக் கீழே வைத்தாள். மேசை மேலிருந்த சாக்பீஸை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"களத்துல வரைங்க."

*

நாச்சிமுத்து வரைந்தார். அகலம் எட்டு, நீளம் பதினாறு. இரண்டும் பாக்கியமான அளவு. நாலு மூலையும் மட்டம் பார்த்து, குறுக்களவு பிடித்துச் சரி செய்தார். பட்டறையின் சிமெண்டுத் தளத்தில் பாதி போய்விட்டது.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. மறுநாள் அட்டையில் குட்டியாக ஒரு வீடு செய்து கொண்டுவந்தார்.

"வாசல் கிழக்கங்க. அடுப்பு அக்கினி மூலை. தண்ணித்தொட்டி ஈசானி மூலை. ஒரு குத்தம் சொல்ல முடியாது பாருங்க."

மரகதம் சுற்றிவந்து பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

கேஸ் சிலிண்டர் தள்ளும் வண்டி ஒன்று மூலையில் கிடந்தது. அதைப் படுக்கவைத்து, அட்டை வீட்டை அதன் மேல் வைத்தாள். களத்தைச் சுற்றித் தள்ள ஆரம்பித்தாள்.

வாசல் தெற்கே பார்த்தது. பிறகு மேற்கே பார்த்தது.

நின்றாள்.

"இப்ப அடுப்பு எந்த மூலைங்கண்ணா?"

நாச்சிமுத்து சூரியனைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார்.

"நிறுத்தறப்ப கிழக்க பாத்து நிறுத்திக்கலாமுங்க," என்றார்.

அவள் மறுபடி தள்ளினாள். வாசல் வடக்கே போனது, கிழக்கே வந்தது, நிற்காமல் தெற்கே போனது. இன்னொரு சுற்று. இன்னும் ஒன்று. வண்டிச் சக்கரம் கிறீச் கிறீச்சென்றது. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"போதுமுங்க, போதுமுங்க," என்றார் நாச்சிமுத்து.

அட்டை வீட்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவருக்குக் கோபம் வந்தது நிஜம். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில், காருக்குள்ளேயே அவருக்குச் சிரிப்பும் வந்தது.

*

"அளவு கிடக்கட்டும். அடிச்சட்டத்துக்கு என்ன போடலாமுங்க?"

"நீங்க என்ன நினைச்சு வெச்சிருக்கறீங்க?"

"ஆறு அங்குல இரும்புச் சேனலுங்க. சுத்தியும். செவுத்துக்குக் கனமான ஆங்கிள். ஒருக்காப் போட்டா பேரன் காலத்துக்கும் அசையாம நிக்கோணும்."

"அசையாம."

"ஆமாங்க."

பட்டறையின் பின்பக்கம் இரண்டு சக்கரமும் ஒரு அச்சும் மட்டுமாக ஒரு மொட்டை வண்டி நின்றது. மரகதம் அதைக் காட்டினாள்.

"சேனல் அங்க இருக்குதுங்க. உங்களுக்கு வேணுங்கறதை அதுல ஏத்துங்க."

ஏற்றினார். சாரம் கட்டிப் பழகிய தோள், சிரமமில்லை.

"கேட்டு வரைக்கும் இழுங்க."

"நானுங்களா?"

"உங்க காரு சின்ன காரு. அதுக்கு வாய் இல்லை. அதுக்குப் பதிலா நீங்க இழுத்துப் பாத்து, அது என்ன சொல்லும்னு சொல்லுங்க."

பட்டறை பள்ளத்தில், கேட்டு மேட்டில். முதல் பாதி நாச்சிமுத்து மீசையை முறுக்காத குறையாக இழுத்தார். அடுத்த பாதியில் வண்டி அவரை இழுத்தது. கால் வழுக்கியது. சக்கரத்துக்கு முட்டாக ஒரு கல் வந்து விழுந்தது. மரகதம் அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டேதான் பின்னால் வந்திருக்கிறாள்.

"காரு என்னுங்கண்ணா சொல்லுது?"

மூச்சு வாங்கி முடிய நேரமானது.

"கெட்ட வார்த்தை சொல்லுதுங்க," என்றார்.

அவள் சிரித்தாள். அவர் வந்த நாளாக அப்போதுதான் சிரித்தாள்.

பிறகு இரண்டு முக்காலிகளைத் தள்ளிப் போட்டாள். ஒரு சதுரக் குழாயை எடுத்து மேலே குறுக்காக வைத்தாள். அகலம் இரண்டு அங்குலம் இருக்கும். நாச்சிமுத்து விரலால் சுண்டிப் பார்த்தார். வெங்கலம் மாதிரி சத்தம் வந்தது.

"உள்ள ஒண்ணும் இல்லீங்களே."

"ஏறி நில்லுங்க."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நின்றார். குதிகாலை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தார். குழாய் லேசாக அதிர்ந்தது, வளையவில்லை. இறங்கி, அதை ஒரே கையால் தூக்கினார். அந்தக் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"அலுமினியம் இன்னும் லேசுங்களே?" என்றார். ஒரு யோசனை போனால் இன்னொன்று வராமல் இருக்காது அவருக்கு.

"போற வழியில ஒரு ஒட்டு விட்டுப்போகுதுங்க. சின்ன ஊரு. யாரைத் தேடிப் போவீங்க?"

"அங்க பட்டறை வெச்சிருக்கறவனைத்தான்."

"அவனுக்கு எதை ஒட்டத் தெரியும்?"

நாச்சிமுத்து இரும்புக் குழாயைக் கீழே வைக்காமல் தோளில் போட்டுக்கொண்டு போய், தனக்கென்று ஒதுக்கின இடத்தில் சாய்த்து வைத்தார். அடுத்த வாரம் அதே குழாய் வேண்டிய அளவுக்கு வந்து இறங்கியது.

*

இறங்கியது, இறங்கினபடியே கிடந்தது.

ஏனென்றால் அளவு முடிவாகவில்லை. எட்டுக்குப் பதினாறு போய் எட்டுக்குப் பத்து வந்தது. கார் தாங்காது என்று ஆறுக்குப் பதினொன்று ஆனது. அலமாரிக்கு இடமில்லை என்று மறுபடி எட்டானது. ஒவ்வொரு நாளும் காலையில் வந்து பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதுக் கோடு போடுவார். குழாய்களின் மேல் லேசாகத் துரு பூக்க ஆரம்பித்தது.

"மேஸ்திரி வண்டி செய்யறாரா, கோலம் போடறாரா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். மார்கழி வரட்டும், பூசணிப்பூ கொண்டுவந்து வைக்கிறோம் என்றார்கள்.

நாச்சிமுத்து ஒரு நாள் பொறுக்க முடியாமல் மரகதத்தின் முன்னால் போய் நின்றார்.

"வாத்தியாரம்மா, நீங்களே ஒரு அளவைச் சொல்லிப்போடுங்க. அவ கண்ணுக்கு இருக்கறது கொஞ்ச நாளுதானுங்க. நேத்து சோத்துத் தட்டுல பொரியல் வெச்சது அவளுக்குத் தெரியலீங்க. கொழம்பை மட்டும் ஊத்தித் தின்னுட்டு எந்திரிச்சுட்டா."

மரகதம் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"அக்கா எங்கங்க?"

"வீட்டுலங்க."

"இங்க வந்தாங்களா?"

"அவளுக்குத் தெரியாதுங்க. கட்டி முடிச்சு வாசல்ல கொண்டுபோய் நிறுத்திட்டுச் சொல்லலாம்னு இருக்கறேன்."

"நீங்க கட்டின வீட்டுலயெல்லாம், குடி வந்த பொறகு இடிச்சுக் கட்டினது எதுங்கண்ணா அதிகம்?"

இதற்கு அவர் யோசிக்கவே வேண்டியதில்லை. "சமையல்கட்டுங்க. மேடை உசரம் சரியில்லை, ஜன்னல் அடுப்புக்கு நேரா வந்துருச்சு, காத்துல அணையுதுன்னு ஏதாச்சும் ஒண்ணு சொல்லுவாங்க அந்தப் பொம்பளைங்க."

"கட்டறப்ப அவங்களைக் கேட்டீங்களா?"

"வீட்டுக்காரரைக் கேட்டுத்தானுங்க..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். போய்க் காரை எடுத்தார்.

*

அவர் சம்சாரம் வசந்தாமணி காரை விட்டு இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றாள். எதைப் பார்த்தாலும் முகத்தை முழுசாக அதன் பக்கம் திருப்பித்தான் பார்ப்பாள். அதனால் அவள் பார்வை பட்டவர்களுக்கு, இந்தம்மா நம்மை மட்டும்தான் பார்க்கிறாள் என்று ஒரு பெருமை வந்துவிடும். மரகதத்துக்கும் வந்தது.

"நீங்கதான் எங்க ஊட்டுக்காரருக்கு வாத்தியாரம்மாவா? படிக்கறாருங்களா ஒழுங்கா?"

"சிலேட்டை அழிச்சுட்டே இருக்கறாருங்கக்கா."

நாச்சிமுத்துவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் களத்தின் நடுவில் விட்டார்.

"இது வாசல். இதா இங்க கட்டிலு. இங்க அடுப்பு. அலமாரி இந்தப் பக்கம். நடந்து பாரு."

வசந்தாமணி நடந்தாள். அடுப்பை மிதித்தாள். கட்டிலைத் தாண்டினாள். சுவர் வழியாக வெளியே போனாள்.

"வசந்தாமணி, அது செவுரு."

"எங்கீங்க?"

"உன் காலடியில."

அவள் குனிந்தாள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் கோட்டைத் தேடினாள். கடைசியில் கண்டுபிடித்து, விரலால் தொட்டாள். விரலில் வெள்ளை ஒட்டிக்கொண்டது.

"இதை எனக்குத் தெரியட்டும்னுதான் போட்டீங்களா?"

அவள் குத்திக்காட்டவில்லை, கேட்டாள். நாச்சிமுத்து குனிந்து தன் கோட்டைப் பார்த்தார்.

"சொல்லாம செய்யலாம்னு..."

"சொல்லியிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். இத்தனை அகலத்துல நான் எங்க போய்க் கையை வெக்கறது? இதுக்குள்ளயே தொலைஞ்சு போயிருவனுங்க."

மரகதம் சீமாறை எடுத்து வந்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் களம் முழுக்கக் கூட்டினாள். வாசல் போனது, சுவர் போனது, அக்கினி மூலையும் ஈசானி மூலையும் தூசியாகப் போயின. நாச்சிமுத்து தடுக்கவில்லை.

சாக்கு ஒன்றை விரித்தாள். வசந்தாமணியை உட்காரவைத்து, இரண்டு கையிலும் ஒவ்வொரு சாக்பீஸைக் கொடுத்தாள்.

"கையை நீட்டுங்கக்கா."

"எதுக்கு அம்மணி?"

"எட்டற வரைக்கும்."

வசந்தாமணி இரண்டு பக்கமும் கையை நீட்டினாள். விரல் நுனி எங்கே தரையைத் தொட்டதோ அங்கே கோடு விழுந்தது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஸ்கேல் வைக்காத கோணல் கோடு.

"படுங்க."

படுத்தாள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மரகதமே கோடு போட்டாள்.

"அண்ணா, நீங்களும்."

"இங்கயா?"

"வேற எங்க?"

நாச்சிமுத்து ரோட்டைப் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு மனைவி பக்கத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். அவர் கால் கோட்டைத் தாண்டியது. கால்மாட்டுக் கோட்டைத் தள்ளிப் போட்டாள் மரகதம்.

"வசந்தாமணி, டீக்கடையில எல்லாரும் பாக்கறாங்க. எந்திரி."

"பாக்கட்டும். எனக்கு அவங்களைத் தெரியலை," என்றாள் வசந்தாமணி. எழுந்திருக்கவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

நாச்சிமுத்து டேப்பைப் பிடித்தார். அவர் முகம் தொங்கிப்போனது.

"அகலம் அஞ்சடிங்க."

"ம்."

"ஆறாக்கிக்கலாமுங்க. ஆறு நன்மை. ஒரு அடியில என்ன வந்துரப் போகுது?"

"ஆறு வெச்சுக் காட்டுங்க," என்றாள் மரகதம்.

அவர் ஆறடிக்கு டேப்பை இழுத்து, இரண்டு பக்கமும் செங்கல்லை அடுக்கிக் குட்டைச் சுவர் மாதிரி எழுப்பினார். வசந்தாமணி நடுவில் உட்கார்ந்து கையை நீட்டினாள். விரல்கள் காற்றில் தேடின. கொஞ்சம் சாய்ந்து தேடின. இடது பக்கம் சாய்ந்தால் வலது பக்கம் கை விட்டுப்போனது.

நாச்சிமுத்து செங்கல்லை உள்ளே தள்ளினார். அவள் விரல் பட்டது. தட்டிப் பார்த்து, உள்ளங்கையை அதில் வைத்துக்கொண்டாள். மற்றக் கையையும் மற்றச் சுவரில் வைத்துக்கொண்டாள். தோள் இரண்டும் இறங்கின.

"இதா, இப்ப நான் எங்க இருக்கறேன்னு எனக்குத் தெரியுது," என்றாள்.

மரகதம் நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சடிக்கு என்னுங்கண்ணா பலன்?"

அவர் வாய்க்குள் முனகினார். ஆறிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி ஆறிலிருந்தே ஆரம்பித்தார். சாஸ்திரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

"அஞ்சுக்கு ஒண்ணும் சொல்லலீங்க."

"அப்ப யாரு சொல்றது?"

நாச்சிமுத்து பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். துரு பூத்த முதல் குழாயை எடுத்துவைத்து, அஞ்சடியில் ஒரு கோடு கிழித்தார்.

அன்றைக்கே அறுத்தார்.

படுக்கையோடு அடுப்புக்கும் இடம் விட்டதில் நீளம் எட்டடி வந்தது. எட்டு பாக்கியம் என்று அவர் உதடு அசைந்ததை மரகதம் கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டாள்.

*

அதற்குப் பிறகு வேலை பறந்தது.

ஒரே ஒரு இடத்தில் தகராறு. அச்சை நட்ட நடுவில் வைக்க வேண்டும் என்றார் நாச்சிமுத்து. தராசு மாதிரி இருந்தால்தான் நியாயம் என்றார். மரகதம் வாதாடவில்லை. சட்டத்தை அப்படியே அச்சில் ஏற்றி, பின்னால் போய் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். முன்பக்கம் விர்ரென்று மேலே போனது, மேஸ்திரி தரையில் இருந்தார்.

"முன்பாரம்," என்றார், எழுந்திருக்காமலே. "எங்கப்பன் மாட்டு வண்டியில மூட்டை ஏத்தறப்ப தினம் கத்துவாரு. முன்பாரம் இல்லீன்னா மாட்டுக்குக் கழுத்து இறுகிப்போகும்னு."

"தெரிஞ்சதைத்தான் கேட்டீங்க," என்றாள் அவள்.

அச்சு கொஞ்சம் பின்னால் போனது. தண்ணித்தொட்டி முன்னால் வந்தது, எந்த மூலை என்று அவர் கேட்கவில்லை.

வசந்தாமணி தினமும் வந்தாள். குழாய் குழாயாக வீடு எழும்ப எழும்ப அதைக் கையாலேயே படித்தாள். கொக்கி எங்கே, சுவிட்சு எங்கே, மருந்து வைக்கிற மாடப்பிறை எங்கே என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டுவாள். கை போன இடத்தில் நாச்சிமுத்து துளை போடுவார். சட்டத்தின் மேல் ஒட்டுப்பலகை ஏறியது, கூரைக்குத் தகரம் ஏறியது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையும் முடிந்தது. பின்பக்கக் கதவுக்குக் கண்ணாடி மட்டும்தான் சேலத்திலிருந்து வர வேண்டும்.

பட்டறைக்கு வருகிறவர்களை எல்லாம் நாச்சிமுத்து கூப்பிட்டுக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டு வரச் சொன்னார். யாரும் முட்டிக்கொள்ளவில்லை. அவருக்கு இருந்த பெருமையில், இதுவரைக்கும் கட்டின வீடுகள் எல்லாம் இதற்கு ஒத்திகை என்றே சொல்லத் துணிந்தார்.

*

"அப்பறம் என்னுங்கண்ணா, கடல் பாக்க எப்பக் கிளம்பறீங்க?" என்று கேட்டாள் மரகதம்.

"ஆடி பொறந்துருச்சுங்களே."

"ஆமா."

"ஆடியில புது வீட்டுக்கு யாரு குடி போறாங்க? என் கையால ஆடியில ஒரு வீட்டுக்கும் பால் காச்சினதில்லை. ஆவணி பொறக்கட்டும். நல்ல நாளாப் பாத்து, பாலைக் காச்சி, நாலு பேருக்குச் சோறு போட்டுட்டுக் கிளம்பறமுங்க. அதுக்குள்ள கண்ணாடியும் வந்துரும். பெயிண்டும் இன்னொரு கோட்டு அடிச்சர்றேன். உள்பக்கம் தேக்குல ஒரு பட்டி ஓட்டினா எடுப்பா இருக்கும். முன்னால பேரு வேற எழுதோணும்."

வசந்தாமணி உள்ளே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் இரண்டு சுவரில். காத்திருந்து பழகின பொம்பளை.

மரகதம் குனிந்தாள். அறுத்துப் போட்ட குழாய்த் துண்டுகள் கீழே கிடந்தன. விரல் நீளத்துக்கு ஒன்றை எடுத்தாள். அரத்தை எடுத்து அதன் விளிம்பைச் சுத்தமாக ராவினாள். தூசியை ஊதிவிட்டு அவரிடம் கொடுத்தாள்.

"ஒரு கண்ணை மூடிட்டு, இதுக்குள்ள பாருங்க."

நாச்சிமுத்து கண்ணில் வைத்தார்.

மலை தெரிந்தது. ஆனால் முழு மலை இல்லை. ஒரு பக்கப் பாறை மட்டும். கோபுரத்தைக் காணோம். தலையைத் திருப்பித்தான் தேட வேண்டியிருந்தது. டீக்கடையைத் தேடினார், காரைத் தேடினார். இரண்டடி நடந்தார், சிலிண்டர் வண்டியில் முழங்கால் இடித்தது.

வலியில் திரும்பினபோது சதுரத்துக்குள் வசந்தாமணி வந்தாள். முகம் மட்டும் வந்தது. அதைத் தவிர வேறு ஒன்றும் அதில் கொள்ளவில்லை.

"என்னுங்க, குழாயை வெச்சுட்டு விளையாட்டு?" என்று அவள் சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மரகதம் இன்னொரு துண்டைக் கொடுத்தாள். அதே குழாய், முழங்கை நீளம்.

"இப்ப இது."

வைத்துப் பார்த்தார். தூரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். அதைத் தூக்கிக்கொண்டு மலையைத் தேடினார். அகப்பட்டது மலையா வெறும் கல்லா என்று சொல்ல முடியவில்லை. வசந்தாமணியைத் தேடினார். வெகுநேரம் தேடினார். கிடைத்தது அவள் மூக்குத்தி மட்டும்.

"இது என்னுங்க?" என்றார்.

மரகதம் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஆவணி."

நாச்சிமுத்து குழாயைக் கீழே வைத்தார்.

லாரிப் படுதா ஒன்று ஓரமாக மடித்துக் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கத் திறப்பில், கண்ணாடி வரவேண்டிய இடத்தில், கயிறு போட்டு இழுத்துக் கட்டினார். காரைப் பின்னால் எடுத்து வந்து டிரெய்லரைக் கோத்தார். கொண்டியை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். இடது பக்கக் கதவைத் திறந்து வைத்தார்.

"வசந்தாமணி."

"என்னுங்க?"

"பாலை வழியில வாங்கிக்கலாம். கார்ல ஏறு."